பெயர் எழுதாத பல் அட்டைகள்

என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளத்தில் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவள் நான். என் உத்தியோகத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் நான் 'பல்லு மிஸ்'தான். டொக்டர் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைத் துப்புரவாக்கவும் அடைக்கவும் பிடுங்கவும் படித்துவிட்டு வந்தவள். நான் டொக்டர் இல்லை என்பதை எனக்கு ஞாபகப்படுத்தியவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் பல்லையும் நான்தான் பார்த்தேன்.

யுத்த காலம் அது. நான் வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருந்தேன். கிளினிக், கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் இருந்த ஓர் அறை. காலையில் பஸ் ஏறினால் வழியில் இரண்டு தடவையாவது இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறவேண்டும். என் கைப்பையில் பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் இருந்த எல்லோருடைய பையிலும் அது இருந்தது. அந்தத் துண்டை நீட்டுவதும் வாங்கி மடித்து வைப்பதும் முகம் கழுவுவதுபோல் பழகிப்போயிருந்தது. அப்படிப் பழகியதால்தான் பின்னால் நான் ஒரு பெரிய பிழை செய்தேன் என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் நானும் ஒரு சிங்கள அற்றென்டன்ட் பெண்ணும்தான். என்னைவிட மூத்தவள். நான் 'அக்கே' என்று கூப்பிடுவேன், அவள் 'மிஸி' என்பாள். எனக்குக் கோபம் வந்தால் அவள் பஞ்சு உருட்டப் போய்விடுவாள். அதனால் எங்கள் கிளினிக்கில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

எனக்குக் கோபம் மூட்டுவதற்கென்றே ஒரு பல் இருக்கிறது. ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல். மற்றப் பல்லெல்லாம் பால்பல் விழுந்த இடத்தில் முளைக்கும். இது மட்டும் எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், கேட்காமல் கொள்ளாமல் வந்து நிற்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. பல் விழவில்லையே, ஆகவே இதுவும் பால்பல்தான் என்று தாய்மார் முடிவுகட்டிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கடைவாயில் கறுப்புக் குழியைக் காட்டி "இதென்ன?" என்று கேட்டால், "விழுகிற பல்லுத்தானே மிஸ்" என்று சிரிப்பார்கள். அந்தப் பல் விழாது. அறுபது வயதுவரை சோறு அரைக்க வந்த பல் அது. அதை ஒன்பது வயதில் பிடுங்கிக் கையில் கொடுக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்து வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்த குடும்பங்கள். தகப்பன் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். தாயும் பிள்ளைகளும் ஓர் அறைக்குள் வருடக்கணக்காக இருப்பார்கள். போகிறவர் வருகிறவர் கையில் தகப்பன் ரொஃபியும் சொக்லேட்டும் அனுப்புவார். பல்லைப் பற்றிக் கதைத்தால் "அங்க போய்ப் பாப்பம் மிஸ்" என்பார்கள். விசா வரும்வரை பல் பொறுத்திருக்குமா? அதைக் கேட்டால் என்னைத்தான் வாய்க்காரி என்பார்கள்.

அந்தக் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. பிரஷ்ஷின் ஒரு நார்கூட உள்ளே போகாது. சீனியும் மாவும் போகும். பல்லைக் குடையும் சூத்தை அங்கேதான் தொடங்கும். பல் முளைத்து வந்ததும், அது பழுதாகும் முன்பே, அந்த வெடிப்புகளை ஒரு பிசினால் மூடிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சீலன்ட் என்று அதற்குப் பெயர். படிக்கும் காலத்தில் செய்து பார்த்திருந்தேன். வேலைக்கு வந்தபின் கண்ணாலும் கண்டதில்லை. பழுதான பல்லுக்கே மருந்து போதாத நாட்டில் நல்ல பல்லுக்கு யார் சாமான் அனுப்புவார்கள்?

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பல் வைத்தியர் ஒரு சிங்களவர். அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் அவர் ஒரு சின்னப் பெட்டியை என் மேசையில் வைத்தார். உள்ளே சீலன்ட் இரண்டு குப்பி, கூடவே அசிட் ஜெல் ஒரு குழாய். யாரோ மாதிரிக்குக் கொடுத்ததாம். காலாவதியாக இன்னும் சில மாதமே இருந்தது.

"பதினைந்து பிள்ளைகளுக்குப் போதும்," என்றார் சிங்களத்தில். "எந்தப் பிள்ளை, எங்கே இருக்கிறது என்று எழுதி வை. ஒரு வருடம் கழித்து நானே வந்து பார்ப்பேன். பிசின் நின்றிருந்தால் ஒழுங்காகச் சாமான் எடுத்துத்தரக் கடிதம் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையை விட்டுவிடு."

ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து வாயைத் திறக்கவேண்டும். அவ்வளவுதான். வந்தால் என் கிளினிக்கில் ஆறு வயதான ஒவ்வொரு பிள்ளைக்கும் சீலன்ட் கிடைக்கும். வராவிட்டால் நான் ஓய்வு பெறும்வரை கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். எனக்கு அன்றைக்கு நிலத்தில் கால் படவில்லை.

ஒரு புதுக் கொப்பி வாங்கி, சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். பிள்ளையின் பெயர், வயது. தாய் தகப்பன் பெயர். பிறந்த ஊர். இப்போதைய விலாசம். வீட்டில் எத்தனை பேர். ஊரை நான் சும்மா கேட்கவில்லை. சின்ன வயதில் குடித்த தண்ணீரைப் பொறுத்துப் பல்லின் உறுதி மாறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்த பல்லும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் குடித்த பல்லும் ஒன்றல்ல. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டது, அடுத்து ஆறு வயதாகப்போகிற தம்பி தங்கை இருந்தால் பிடிக்கலாம் என்று. இப்படி விஞ்ஞானமாக வேறு எந்தப் பல்லு மிஸ் கொப்பி வைத்திருப்பாள் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதல் நாள் கதவுக்கு வெளியே மர வாங்கில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கதிரையில் ஏறியது ஆறு வயதுப் பெண்பிள்ளை. பக்கத்து லொட்ஜில் இருந்தவர்கள். தாய் மெலிந்த பெண், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்ரிக் பைல் வைத்திருப்பார். விசாக் கடதாசிகள் அதற்குள். கடைக்குப் போனாலும் அதை லொட்ஜில் விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று மற்றத் தாய்மார் பகிடி பண்ணுவார்கள்.

"நல்ல பல்லில ஏன் மிஸ் கை வைக்கிறீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருக்கேக்கதான் வைக்கோணும். பழுதாப்போனா நீங்கள் கேக்காமலே வைப்பன்," என்றேன். வாங்கு முழுக்கச் சிரித்தது.

பிள்ளை அருமையான பிள்ளை. வாயைத் திற என்றால் திறந்தபடி இருந்தது. பல்லைத் துப்புரவாக்கி, பஞ்சு உருளை வைத்து, அசிட் தடவி, கழுவி, ஊதிக் காயவைத்தேன். பல்லின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளை வந்தது. அதுதான் பிடிமானம். ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு குப்பியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கலந்து வெடிப்பில் ஓடவிட்டேன். வெள்ளைப் பிசின் கோடு கோடாக இறங்கியது. இறுகும்வரை மனதுக்குள் எண்ணினேன். வலப்பக்கம் மேலும் கீழும் முடிந்தது. கூர்க்கம்பியால் இழுத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை, கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. இவ்வளவு காலம் கழித்தும் கை மறக்கவில்லை என்று எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

இடப்பக்கத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது அக்கே என் கொப்பியை வாங்குக்குக் கொண்டுபோனாள். அதுவும் நான் சொல்லித்தான். நேரம் மிச்சமாகட்டும், தாய்மாரே எழுதட்டும் என்று நினைத்தேன்.

வெளியே கதை நின்றது. அந்தத் தாய் உள்ளே வந்தார்.

"என்னத்துக்கு மிஸ் ஊர்? என்னத்துக்கு வீட்டில எத்தனை பேர்?"

"பல்லுக்குத்தான். இருங்கோ, இன்னும் ரெண்டு இருக்கு."

"பல்லுக்கு ஊர் என்னத்துக்கு? எழும்பு பிள்ளை, போவம்."

பிள்ளையின் கையைப் பிடித்துக் கதிரையிலிருந்து இறக்கினார். வாய்க்குள் பஞ்சு. எனக்கு மூக்கு நுனியில் கோபம். "விசர் வேலை பாக்காதேங்கோ! பஞ்சையாவது எடுத்துப்போட்டுப் போங்கோ!" என்று கத்தினேன். பிள்ளை தானே பஞ்சைத் துப்பி என் கையில் வைத்துவிட்டுத் தாயோடு போனது. கதவால் எட்டிப் பார்த்தபோது வாங்கில் ஒருவரும் இல்லை.

அக்கே கொப்பியை என்னிடம் தந்தாள். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. நான் போட்ட சிவப்புக் கோடுகளை நானே வாசித்தேன். பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஊர், இப்போதைய விலாசம், வீட்டில் எத்தனை பேர். பிறகு கைப்பையைத் திறந்து என் பொலிஸ் பதிவுத் துண்டை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். வரிசைகூட மாறவில்லை. பொலிஸில் நிரப்பிக் கொடுக்கும் போமை நான் என் கைப்படத் திரும்ப எழுதியிருந்தேன். அன்று விடியற்காலையில் அந்த லொட்ஜில் செக்கிங் நடந்து இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பட்டியல் என்றால் நெஞ்சு திடுக்கிடும் சனத்திடம், அந்தச் சனத்தில் ஒருத்தியே பட்டியலை நீட்டியிருக்கிறாள். வேற்று ஆள் செய்திருந்தால் விளங்காமல் செய்தார் என்று விடலாம். எனக்கு அப்படிச் சொல்லவும் வாயில்லை.

அடுத்த நாள் காலை பிள்ளைகளை விட வரும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். தாய்மார் என்னைக் கண்டும் காணாததுபோல் போனார்கள். கொப்பியை உயர்த்திப் பிடித்து, கோடு போட்ட பக்கத்தைக் கிழித்தேன். நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, கிட்ட நின்ற ஒரு தாயின் கையில் வைத்தேன்.

"பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். பல்லை மட்டும் கொண்டு வாங்கோ," என்றேன்.

"பல்லு தனிய வராது மிஸ். பிள்ளையும் வரும்," என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தபின் கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு.

பதினைந்துக்கு எட்டுத்தான் வந்தது. எட்டுப் பிள்ளைக்கும் நாலு பல்லும் செய்தேன். பெயர் எழுதாமல் எப்படிக் கணக்கு வைப்பது? அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். அதன் கீழே அந்த வாயைப் பார்த்து வரைந்தேன். எந்த முன்பல் விழுந்திருக்கிறது, எது கோணல், கடைவாய்ப் பல் நாலிலும் வெள்ளைப் பிசின் எப்படி ஓடியிருக்கிறது என்று ஒவ்வொரு கோடும். அந்த வெடிப்புகள் இரண்டு பிள்ளைக்கு ஒரே மாதிரி வராது. ஒன்றில் மூன்று கிளை பிரியும், ஒன்றில் நாலு, ஒன்றில் ஓரத்தில் ஒரு வால் போகும். அதே இலக்கத்தைச் சின்னத் துண்டில் எழுதித் தாயிடம் கொடுத்தேன். பொலிஸ் பிடித்துப் பார்த்தாலும் 'ஐந்து' என்றுதான் இருக்கும்.

தாய் கதிரையிலிருந்து இழுத்துக்கொண்டு போன அந்தப் பிள்ளைக்கும், முதல் அட்டை வரைந்த இரவே, நினைவிலிருந்து ஓர் அட்டை வரைந்து வைத்திருந்தேன். வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. லொட்ஜுக்குப் போய்க் கேட்டேன். அந்தக் குடும்பம் அறையைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டது, எங்கே என்று சொல்ல ஒருவருக்கும் விருப்பமில்லை. அட்டையை மேசை லாச்சியின் அடியில் போட்டேன்.

ஒரு வருடம் ஓடியது. எட்டில் ஒரு பிள்ளை கனடாவுக்குப் போய்விட்டது. இன்னொன்று போன இடம் தெரியவில்லை. மற்ற ஆறு தாய்மாரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன், பெரிய டொக்டர் வருகிறார், இந்த நாள் பிள்ளை கட்டாயம் வரவேண்டும் என்று. கெஞ்சுகிற பழக்கம் எனக்கில்லை. அந்த வாரம் பழகிக்கொண்டேன். ஆறு பேரும் வந்தார்கள்.

டொக்டர் வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "லிஸ்ட் எங்கே?"

எட்டு அட்டையையும் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"பெயர் இல்லை. விலாசம் இல்லை. நீ நல்ல பல்லாகப் பார்த்து ஆறு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானது. "நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் சேர். நீங்களே வாயைப் பாருங்கள், நீங்களே அட்டையை எடுங்கள்," என்றேன்.

"பலமு," என்றார். பார்ப்போம் என்று அர்த்தம்.

சுவரில் தொங்கிய பல் துலக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் பிள்ளை ஏறியது. பிறகு, "எதுவும் பொருந்தவில்லையே," என்றார். "இந்தப் பிள்ளைக்கு முன்பல் நாலும் இருக்கிறது. உன் அட்டைகளில் எல்லாவற்றிலும் ஓட்டை."

ஆறு வயதில் விழுந்த முன்பல் ஏழு வயதில் முளைத்துவிடும். தினமும் அதைப் பார்க்கிறவள் நான், வரையும்போது அதை நினைக்கவே இல்லை. அட்டையில் பாதி வரைபடம் பிரயோசனமில்லாமல் போய்விட்டது. பிறகு நான் வரைந்த மற்றப் பாதி ஞாபகம் வந்தது.

"சேர், முன்பல்லை விடுங்கள். கடைவாயைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்," என்றேன், சுவரைப் பார்த்தபடியே.

அட்டைகள் புரளும் சத்தம் கேட்டது. லைற்றை இழுக்கும் சத்தம். மறுபடி அட்டை. "ஹரி," என்றார். சரி. "மூன்றாம் இலக்கம்."

மூன்றாம் இலக்கம்தான். அடுத்தது ஏழு. அடுத்தது ஒன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஆறு பிள்ளைக்கும் ஆறு அட்டையை அந்த மனிதர் தானே கண்டுபிடித்தார். இருபத்துநாலு பல். ஒன்றில் மட்டும் பிசினின் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. ஒன்றிலும் சூத்தை இல்லை. அக்கே பஞ்சு உருட்டுவதை விட்டுவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அந்த நேரம் அந்த அறை சின்னதாகத் தெரிந்தது.

டொக்டர் பேனையை எடுத்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மெலிந்த பெண், கையில் பிளாஸ்ரிக் பைல். பக்கத்தில் அந்தப் பிள்ளை, ஒரு சாண் வளர்ந்து, இடக்கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு.

"பெரிய டொக்டர் வாறார் எண்டு சொன்னவை," என்றார். என்னைப் பார்க்கவில்லை. "வெள்ளவத்தையில இருந்து வாறம். டொக்டரே பாத்தா நல்லம்."

டொக்டரே பார்த்தால் நல்லதாம்! நல்ல நாளில் அதற்கு நான் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்றைக்குக் கதிரையைத் துடைத்துக் கொடுத்தேன்.

டொக்டர் பிள்ளையைக் கதிரையில் ஏற்றி வாயைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார். வலப்பக்கம் மேலும் கீழும் வெள்ளைக் கோடு நான் விட்டபடியே இருந்தது. இடப்பக்கம் கீழ்ப் பல்லில் நடுவே கறுப்புக் குழி. ஒரே வாய், ஒரே ரொஃபி, ஒரே பிரஷ்.

"இந்தப் பிள்ளையின் அட்டை எங்கே?"

லாச்சியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்பதாவது அட்டையை எடுத்துக் கொடுத்தேன். எட்டைக் காட்டிவிட்டு ஒன்றை ஒளித்து வைத்த வெட்கத்தோடு, அந்தக் கொப்பியின் கதையைச் சிங்களத்தில் சொன்னேன். கோடு போட்டதையும், எந்தப் போமின் வரிசையில் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பாதி வெறுமையாக இருந்த அட்டையைப் பார்த்தார்.

"இதைத்தான் முதலில் காட்டியிருக்கவேண்டும்," என்றார். "போட்ட பக்கமும் போடாத பக்கமும் ஒரே வாயில் இருக்கின்றன. மேலிடத்தில் விலாசம் கேட்பார்கள். நான் இந்த அட்டைகளையே இணைத்து அனுப்புகிறேன். வேண்டுமென்றால் வந்து வாயைப் பார்க்கட்டும்."

நான் ஒரு வருடமாகக் காத்திருந்த வெற்றி அந்தப் பிள்ளையின் சூத்தைப் பல்லால் முழுமையாகிவிட்டது. அதை எப்படிக் கொண்டாடுவது?

தாய் நாங்கள் கதைப்பதைப் பார்த்து ஊகித்திருக்கவேண்டும். "ஒவ்வொரு நாளும் டோர்ச் அடிச்சுப் பாக்கிறனான் மிஸ். அந்தப் பக்கம் நீங்கள் விட்டது அப்பிடியே இருக்கு," என்றார். முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "நான் அண்டைக்கு இழுத்துக்கொண்டு போகாட்டி இந்தப் பக்கமும் தப்பியிருக்கும்."

"நான் அந்தக் கொப்பியை நீட்டாட்டி நீங்கள் ஏன் போறீங்கள்?" என்றேன். "பிழை என்ர. பல்லைக் காப்பாத்தலாம், குழி இன்னும் நரம்புக்குப் போகேல்லை."

டொக்டர் எழுந்து ஸ்ரூலை என் பக்கம் தள்ளினார். "மிஸ் செய்வாங்க. நல்லா செய்வாங்க," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். அந்தத் தாய்க்கு விளங்க வேண்டும் என்றே தமிழில் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காக அந்த மனிதரின் கீழ் இன்னும் எத்தனை வருடமும் வேலை செய்திருப்பேன்.

பல்லைத் துளைத்துச் சூத்தையை எடுத்து அடைத்தேன். பிள்ளை ஒருமுறைதான் முனகியது. இடப்பக்கம் மேல் பல் இன்னும் நல்லாக இருந்தது, சீலன்ட் போட்டுவிடலாம். ஆனால் குப்பிகள் எப்போதோ காய்ந்துவிட்டன. புதுச் சாமான் வர ஆறு மாதமாவது ஆகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு துண்டில் திகதி மட்டும் எழுதித் தாயிடம் கொடுத்தேன்.

"ஆறு மாசத்தில வாங்கோ. அந்தப் பல்லை விடாதேங்கோ."

"இருந்தா வாறம் மிஸ்," என்றார். அந்த நாட்களில் எல்லோரும் சொல்கிற பதில்தான். விசா வந்துவிடலாம், லொட்ஜ் மாறிவிடலாம், வேறு எதுவும் நடக்கலாம். நானும் விலாசம் கேட்கவில்லை.

புதுச் சாமான் ஐந்தாம் மாதமே வந்தது. பெட்டியை அக்கே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறு வயதுப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டேன். தாய்மார் தாங்களே கேட்டுக்கொண்டு வந்தார்கள். அட்டைகள் அடுக்கடுக்காக ஏறின.

அந்தத் திகதி வந்தது. நான் காலையில் வேளைக்கே கிளினிக்குக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு நகரத்தில் எங்கோ குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. வீதிகளை மூடினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள், பிள்ளைகளை ஏற்ற வந்த ஓட்டோக்களால் வாசல் அல்லோலகல்லோலப்பட்டது. அக்கே சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் மிஸி, பூட்டுவோம்," என்றாள். அவள் சொன்னது சரிதான். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஒன்றும் வரவில்லை, நான் வீட்டுக்குப் போவதே எப்படியென்று தெரியவில்லை. மூடு என்று சொல்லவேண்டியதுதான். சொல்ல மனம் வரவில்லை. கருவிகளைத் திரும்பவும் கழுவினேன்.

மத்தியானம் தாண்டி அந்தத் தாயும் பிள்ளையும் வாசலில் நின்றார்கள். பிள்ளையின் செருப்பு கையில் இருந்தது, முழங்கால்வரை புழுதி. தாயின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்களாம். அங்கிருந்து கொம்பனித்தெரு, மருதானை என்று சுற்றி, மூடாத வீதியாகப் பார்த்து நடந்தே வந்திருக்கிறார்கள். வழியில் மூன்று இடத்தில் மறித்திருக்கிறார்கள்.

"எங்க போறாய் எண்டு கேட்டவங்கள்," என்றார் தாய், மூச்சு வாங்கியபடி. "பிள்ளையின்ர பல்லுக்கு எண்டு சொன்னனான் மிஸ். ஒருத்தரும் நம்பேல்லை."

அக்கே தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையைக் கதிரையில் ஏற்றினேன்.